பம்மடியில் ஒரு மடக்குக் குறடு: எந்த ஸ்குறூ ட்றைவர் திருப்பும், எது நழுவும்?

கிணற்றடியில் பம்மை வைத்துக் கயிற்றை இழுக்கிறோம். எஞ்சின் நன்றாக ஓடுகிறது. தண்ணீர் மட்டும் வரவில்லை. பம்மின் வாயில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் பயனில்லை. இந்த நிலையில் பம் பழுதென்று எண்ணி அதைக் கழற்றத் தொடங்குபவர்கள் பலர். பெரும்பாலும் பம்மில் குறை இராது. உறிஞ்சு குழாயைப் பம்மோடு இறுக்கும் கிளிப் சற்றுத் தளர்ந்திருக்கும். அந்த இடைவெளியால் காற்று உள்ளே போகும். காற்றை உறிஞ்சும் பம் தண்ணீரை உறிஞ்சாது. கிளிப்பின் ஸ்குறூவை அரைச் சுற்று இறுக்கினால் போதும்.

அந்த அரைச் சுற்றுக்கு ஒரு ஸ்குறூ ட்றைவர் வேண்டும். 2006ஆம் ஆண்டு சம்பூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் புறப்பட்டவர்கள் பிள்ளைகளையும் அடையாள அட்டையையும் எடுத்தார்கள். ஆயுதப் பெட்டியை எடுத்தவர் அரிது. கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்காக இருந்த பின், 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் விடுபட்டபோது திரும்பிய குடும்பங்கள் பம்மைத்தான் முதலில் தேடினார்கள். அதைத் திருத்தும் சாமான்கள் ஒவ்வொன்றாகவே வீடு வந்து சேருகின்றன. இன்னும் வந்து முடியாத வீடுகளும் உண்டு.

இந்த வீடுகளில் மடித்து வைக்கும் பல்வேலைக் குறடு ஒன்றை அடிக்கடி காண்கிறோம். விரித்தால் குறடு, மடித்தால் கைக்குள் அடங்கும். கத்தி, அரம், தகரம் வெட்டி, ஸ்குறூ ட்றைவர் எல்லாம் அதன் பிடிக்குள் இருக்கும். சிலருக்கு வெளிநாட்டு உறவினர் அனுப்பியது, சிலர் சந்தையில் வாங்கியது. "இவற்றில் எதை வாங்குவது?" என்று எங்களைக் கேட்பவர்கள் அதிகம். கத்தியைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. நம் வீடுகளில் அதைவிட நல்ல கத்திகள் இருக்கின்றன. குறடும் எல்லாவற்றிலும் ஓரளவு வேலை செய்யும். நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டுவது ஸ்குறூ ட்றைவர்தான். ஆகவே அதை மட்டும் இங்கே பார்ப்போம்.

இந்தக் கருவிகள் பிறந்ததே ஸ்குறூ ட்றைவருக்காக என்று சொன்னால் அதிகம் பிழையில்லை. சுவிற்சர்லாந்து இராணுவம் 1889ஆம் ஆண்டு வகைத் துப்பாக்கியை ஏற்றபோது அதைக் கழற்றிச் சுத்தம் செய்ய ஸ்குறூ ட்றைவர் தேவைப்பட்டது. சிப்பாய் தகரத்தில் அடைத்த உணவையும் திறக்க வேண்டும். எனவே கத்தி, துளையூசி, தகரம் வெட்டி, ஸ்குறூ ட்றைவர் ஆகிய நான்கும் சேர்ந்த மடக்குக் கத்தியைக் கேட்டார்கள். 1891இல் வந்த முதல் தொகுதி ஜெர்மனியின் சோலிங்கன் நகரில் செய்யப்பட்டது. பின்னர் சுவிற்சர்லாந்திலேயே கார்ல் எல்செனர் என்பவர் செய்யத் தொடங்கினார். அவருடைய பட்டறைதான் இன்றைய விக்டோரினொக்ஸ். குறடு வைத்த வகை மிகவும் பிந்தியது. அமெரிக்கரான ரிம் லெதர்மன் 1975இல் பழைய கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, தன் மடக்குக் கத்தியில் ஒரு குறடு இல்லையே என்று பலமுறை வருந்தியிருக்கிறார். அவர் செய்த கருவி 1983இல் விற்பனைக்கு வந்தது. பழுதான சாமானை வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த ஒருவரின் யோசனை என்பதால், எங்களுக்கு அதில் ஒரு நெருக்கம் உண்டு.

சைக்கிள் கடைத் தாழ்வாரம் ஒன்றில் மூன்று கருவிகளை ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ஒன்று விக்டோரினொக்ஸின் ரிங்கர் என்னும் சிறிய சிவப்புக் கத்தி. இன்னொன்று லெதர்மனின் வேவ் என்னும் குறடு. மூன்றாவது சந்தையில் கிடைக்கும் பெயரில்லாத மலிவுக் குறடு. பக்கத்தில் கடைக்காரரின் சாதாரண ஆறு அங்குல ஸ்குறூ ட்றைவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டோம். ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமல்லவா.

முதலில் பம் கிளிப். அதன் தலையில் நேர்க்கோட்டு வெட்டு இருக்கும். அதற்குப் பட்டை ட்றைவர் வேண்டும். பட்டை முனைக்கு விதி எளிது. முனையின் அகலம் வெட்டின் நீளத்தோடு ஒத்திருக்க வேண்டும், தடிப்பு வெட்டை நிரப்ப வேண்டும். ஒடுங்கிய முனை வெட்டின் நடுவில் மட்டும் பிடித்து ஓரத்தைக் கிழித்துவிடும். சிவப்புக் கத்தியில் போத்தல் திறக்கும் அலகின் நுனியே பட்டை ட்றைவர். அது கிளிப்புக்கு நன்றாகப் பொருந்தியது. வேவும் குறை வைக்கவில்லை. மலிவுக் குறட்டின் பட்டை முனையோ நுனி வட்டமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. ஓரம் கூராக இல்லாத பட்டை முனை வெட்டைவிட்டு மேலேறும். இந்தக் குறையை வீட்டில் அரத்தால் சரிசெய்யலாம். நுனியைச் சதுரமாக அராவினால் அதுவும் கிளிப்பைத் திருப்பும். கிளிப்பின் தலை பெரும்பாலும் ஆறு பக்கமுள்ளது. எனவே சிறிய சாவி ஒன்று இருந்தால் ட்றைவரே வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வித்தியாசம் வெளிப்பட்டது ஸ்டார் ஸ்குறூவில். அதைச் சற்று விளக்கமாகப் பார்க்க வேண்டும்.

ஸ்டார் ஸ்குறூவின் தலையில் சிலுவை வடிவக் குழி இருக்கிறது. அமெரிக்காவின் ஹென்றி பிலிப்ஸ் 1936இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழியின் சுவர்கள் நேராக இறங்குவதில்லை, உள்ளே போகப் போகச் சரிந்து ஒடுங்குகின்றன. ஆகவே நாம் திருப்பும் பலத்தில் ஒரு பங்கு முனையை வெளியே தள்ளும் பலமாக மாறுகிறது. அதனால் ஸ்டார் ஸ்குறூவைத் திருப்பும்போது கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முனை நாலு பக்கமும் குழியை நிரப்பினால் அந்த அழுத்தம் போதும். நிரப்பாவிட்டால் முனை மேலேறி, குழியின் ஓரங்களைச் சுரண்டிக்கொண்டு சுழலும். இரண்டு தடவை அப்படிச் சுழன்றால் குழி வட்டமாகிவிடும். பிறகு நல்ல ட்றைவர் கொண்டுவந்தாலும் அந்த ஸ்குறூ அசையாது.

மலிவுக் குறடுகள் பலவற்றில் ஸ்டார் ட்றைவர் என்று இருப்பது ஒரு தட்டையான தகடு. அதன் நுனியைச் சிலுவையின் பக்கத் தோற்றத்தைப்போல வெட்டியிருப்பார்கள். தடிப்பைக் குறைத்து மற்ற அலகுகளோடு அடுக்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். நாலு இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கும். அந்த இரண்டும் முழுப் பலத்தையும் தாங்க வேண்டும். டோர்ச் லைட், றேடியோ போன்றவற்றின் சிறிய ஸ்குறூக்களுக்கு அது போதும். பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளின் எஞ்சின் மூடியில் வைத்தோம். முதல் அசைவிலேயே நழுவி ஸ்குறூவின் தலையில் கோடு விழுந்தது. அதோடு நிறுத்திக்கொண்டோம். வண்டி எங்களுடையது அல்ல.

வேவில் முனையைக் கழற்றி மாற்றலாம். தண்டு தட்டை என்றாலும் நுனியில் நாலு இறக்கைகளும் உண்டு, இரண்டு மட்டும் சற்றுக் குட்டை. அதே மூடியில் அது பிடித்தது, ஸ்குறூவும் அசைந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்த முனைகள் லெதர்மனுக்கென்றே செய்யப்பட்டவை. கடைகளில் கிடைக்கும் ஆறுபக்க முனைகள் அதன் வாயில் நுழையா. வரம்பிலோ சேற்றிலோ விழுந்து தொலைந்தால் மூதூரில் வாங்க முடியாது.

எங்களுக்கு வியப்பளித்தது சிறிய சிவப்புக் கத்தி. ரிங்கரின் ஸ்டார் ட்றைவர் முதுகின் நடுவிலிருந்து விரிகிறது. முழு உருண்டைத் தண்டும் நாலு முழு இறக்கையும் உள்ளது. விரித்தால் ஆங்கில ரி எழுத்தைப்போல நிற்கும். உள்ளங்கையால் மேலிருந்து நேரே அழுத்தலாம், கத்தியின் முழு நீளமும் பிடியாகித் திருப்ப உதவும். மூன்றிலும் ஸ்டார் ஸ்குறூவுக்கு மிக நன்றாகப் பொருந்தியது இதுதான். குறடு இல்லாதது அதன் குறை. ரி வடிவம் சுற்றுவதற்கு இடம் வேண்டும் என்பது இன்னொன்று. எஞ்சினின் விசிறித் தகடுகளுக்கு அருகில் உள்ள ஸ்குறூவில் பிடி முட்டி நிற்கும்.

கடைக்காரரின் ஆறு அங்குல ஸ்டார் ட்றைவர் இவை எல்லாவற்றையும்விட இலேசாக வேலையை முடித்தது. மறைக்க ஒன்றுமில்லை.

ஜப்பான் இயந்திரங்களைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பழைய ஹொண்டா, யமஹா, குபோட்டா போன்றவற்றில் உள்ள சிலுவை ஸ்குறூக்கள் பிலிப்ஸ் வகையைப்போலத் தோன்றினாலும் அவை ஜப்பானின் தனி அளவு. தலையில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் அந்த வகை என்று அறியலாம். புள்ளி இல்லாமலும் இருக்கலாம். பிலிப்ஸ் முனையின் நுனி அந்தக் குழியின் அடியில் முட்டிக்கொள்ளும், இறக்கைகள் முழுதாக உள்ளே இறங்கா. "நல்ல ட்றைவர்தானே, ஏன் நழுவுகிறது?" என்று நாம் வியப்பது இதனால்தான். ட்றைவரின் கூர் நுனியை மட்டும் மிகச் சிறிதளவு அராவிவிட்டால் இறக்கைகள் இன்னும் கீழே இறங்கிப் பிடிக்கும். இதற்கென ஒரு பழைய ட்றைவரை ஒதுக்கி வையுங்கள். நல்லதை அராவ வேண்டாம்.

ஸ்டார் ஸ்குறூவை அழுத்தித் திருப்ப வேண்டும் என்றோம். அதனால் பூட்டு முக்கியமாகிறது. பூட்டில்லாத குறட்டின் பக்கத்திலிருந்து விரியும் ட்றைவர், சற்றுச் சாய்த்து அழுத்தினால் மடங்கி விரல்மேல் விழும். வேவில் அலகு விரிந்ததும் பூட்டிக்கொள்ளும். ரிங்கரில் ஸ்டார் ட்றைவருக்குப் பூட்டில்லை, ஆனால் நேரே அழுத்துவதால் மடங்க வழியில்லை. மலிவுக் குறடுகளில் சிலவற்றில் பூட்டு உண்டு, சிலவற்றில் இல்லை. கடையிலேயே விரித்து, விரலை ஒதுக்கி வைத்துக்கொண்டு மரப்பலகையில் அழுத்திப் பாருங்கள்.

குறடுகளில் ட்றைவர் பிடியின் நடுவில் இராது, ஓரத்தில்தான் இருக்கும். திருப்பும்போது பிடி வளையம்போலச் சுற்றி முனையைச் சாய்க்கும். கையை ஒரு நேர்க்கோட்டில் வைத்துச் சிறிது சிறிதாகத் திருப்பினால் இதைச் சமாளிக்கலாம். குழிக்குள் ஆழமாக இருக்கும் ஸ்குறூவுக்கு எந்த மடக்குக் கருவியும் உதவாது. பிடியின் தடிப்பு உள்ளே நுழையாது. காபரேட்டரின் ஓட்டத்தைச் சரிசெய்யும் ஸ்குறூ, பம்மின் கைக்கு எட்டாத மூலைகள் எல்லாம் இப்படித்தான். அங்கே மெல்லிய நீண்ட ட்றைவர் ஒன்றே வழி.

கொட்டியாரக் குடாவையும் களப்பையும் சுற்றி வாழும் நமக்கு உப்புக்காற்று இன்னொரு பகை. ஒரு மாரி வெளியில் கிடந்த பம்மின் ஸ்குறூக்கள் துருவேறி இறுகிவிடும். மண்ணெண்ணெயை ஊற்றி ஓர் இரவு விட்டு, மறுநாள் ஸ்குறூவின் தலையில் இலேசாகத் தட்டிவிட்டுத் திருப்புங்கள். தட்டுவதற்குச் சாதாரண ட்றைவரை வையுங்கள். மடக்குக் கருவியின் பிடியில் சுத்தியலால் அடித்தால் அச்சாணி வளைந்து, அதன்பின் ஒரு அலகும் ஒழுங்காக விரியாது. இந்தக் கருவிகள் துருப்பிடிக்காத உருக்கால் ஆனவை என்பது நமக்கு நன்மை. ஆனால் அந்த உருக்கு நல்ல ட்றைவர் முனையின் உருக்கைவிட மென்மையானது. மிகுந்த பலம் கொடுத்தால் பட்டை முனை முறுகும். இரண்டு கைகளாலும் முறுக்க வேண்டியிருந்தால் அது மடக்குக் கருவிக்குரிய வேலையல்ல.

மின்பம் வைத்திருப்போர் பிளக்கைக் கழற்றும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மடக்குக் குறட்டின் பிடி முழுதும் இரும்பு, மின்சாரம் நேரே கைக்கு வரும். சுவிச்சை நிறுத்தினால் போதாது, பிளக்கை இழுத்து எடுத்துவிட்டே திறக்க வேண்டும். ஈரக் கிணற்றடியில் நின்று அதைச் செய்ய வேண்டாம்.

எதை வாங்குவது? இது எங்கள் அபிப்பிராயம். வீட்டில் ஒரு ட்றைவரும் இல்லாத குடும்பம் மலிவு மடக்குக் குறட்டை வாங்கவே வேண்டாம். ஒரு நடுத்தரப் பட்டை ட்றைவர், ஒரு நடுத்தர ஸ்டார் ட்றைவர், ஒரு சாதாரண குறடு ஆகிய மூன்றையும் வாங்கி, எண்ணெய் தடவிய துணியில் சுற்றிப் பம்மோடு கட்டி வைக்கலாம். மூன்றும் சேர்ந்து இந்த மண்ணில் உள்ள பெரும்பாலான ஸ்குறூக்களைத் திருப்பும். மலிவுக் கருவி கெடுத்த ஸ்குறூவைத் துளைத்து எடுக்கப் பட்டறைக்குப் போனால், அங்கே கொடுக்கும் கூலி கருவியின் விலையைவிடக் கூடிவிடும். வெள்ளாமைக் காலத்தில் போகும் நாள் வேறு.

வீட்டிலிருந்து வெகு தூரத்தில் வயலோ மாட்டுப்பட்டியோ வைத்திருப்பவர்களுக்கு மடியில் இருக்கும் கருவி உதவும். மடியில் என்றுதான் சொல்கிறோம், சாரத்தில் பை இல்லை. வேவ் ஏறக்குறைய கால் கிலோ நிறை, மடியை இழுத்துவிடும். சிவப்புக் கத்தி மடியில் இருப்பதே தெரியாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் "என்ன அனுப்ப?" என்று கேட்டால், முதுகில் ஸ்டார் ட்றைவர் உள்ள கத்தியைக் கேளுங்கள், தக்கை திருகி உள்ளதை அல்ல. வெளியே பார்க்க இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் அவர்கள் மாறி வாங்கிவிடுவார்கள். நம்மூரில் தக்கை அடைத்த போத்தல் திறக்க யாருமில்லை.

கடைக்குப் போகும்போது உங்கள் பம்மிலும் மோட்டார் சைக்கிளிலும் உள்ள ஸ்குறூக்களில் ஒவ்வொன்றைக் கழற்றி எடுத்துப் போங்கள். முனையை ஸ்குறூவின் குழியில் வைத்து, ட்றைவரைக் கிடையாகப் பிடியுங்கள். நன்றாகப் பொருந்தினால் ஸ்குறூ விழாமல் நிற்கும். கையை மெல்ல ஆட்டிப் பாருங்கள். ஆடி விழுந்தால் அடுத்த கருவியைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.