பாய்மரத் தாங்கு கம்பிகளின் இழுவிசை: ஆபத்தும் உரிமையும்

சிறிய பாய்மரப் படகின் பாய்மரம் தன் வலிமையால் மட்டும் நிற்பதில்லை. படகின் முன்முனைக்கு இறங்கும் முன்கம்பியும் இரு விளிம்புகளுக்கு இறங்கும் பக்கக் கம்பிகளும் அதை வெவ்வேறு திசைகளில் இழுத்துப் பிடித்திருப்பதாலேயே அது காற்றின் விசையைத் தாங்குகிறது. படகு கரையை விட்டுப் புறப்படும் முன்பே இக்கம்பிகளில் ஏற்றி வைக்கப்படும் இறுக்கம் இழுவிசை எனப்படும். படகின் உரிமையாளர், கட்டணம் செலுத்திப் பயில்பவர், வாடகைக்கு எடுப்பவர் என எவராயினும், அதைச் சரிபார்ப்பது வேறொருவர் வேலை என்று விட்டுவிடும்போது ஆபத்து தொடங்குகிறது.

கம்பி சற்றுத் தளர்ந்திருந்தால் படகுக்கு நல்லது என்ற எண்ணம் தவறானது. தளர்ந்த கம்பி ஒவ்வோர் அலைக்கும் தொய்ந்து, பின் வெடுக்கென்று இழுபடுவதால், அதன் முனைப் பொருத்துகளில் உலோகக் களைப்பு, அதாவது சுமை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் தோன்றும் நுண்விரிசல், வளர்ந்து ஒருநாள் பாய்மரமே சாய நேரிடுகிறது. மிகையான இறுக்கமோ பாய்மரத்தைக் கீழ்நோக்கி அழுத்தி, அதன் அடிப்பொருத்தையும் படகின் உடலையும் சிதைக்கிறது. துருப்பிடிக்காத எஃகும் உப்புநீர் தேங்கும் இடுக்குகளில் அரிக்கப்படும் என்பதால், கம்பியின் முனையைப் பற்றியிருக்கும் முனைக்குழல் அருகே ஓர் இழை அறுந்திருந்தாலும் அக்கம்பியை இறுக்கிப் பார்க்காமல் உடனே மாற்றிவிட வேண்டும்.

பத்தொன்பது இழைகளை ஒரே புரியாக முறுக்கிய கம்பியின் இழுவிசையை அளக்கத் தனிக்கருவி கட்டாயமில்லை. கம்பியின் தொய்வு நீங்கி, இறுக்கம் ஏறாத நிலையில், 2 மீட்டர் அளவுகோலின் மேல்முனையை ஒட்டுநாடாவால் கம்பியுடன் பிணைத்து, கீழ்முனை முனைக்குழலைத் தொடுமாறு வைத்து, டர்ன்பக்கிள் எனப்படும் திருகுமறையைத் திருப்பினால் கம்பி நீண்டு இடைவெளி ஒன்று தோன்றும். அது 1 மில்லிமீட்டர் ஆகும்போது, கம்பி அறுபடும் சுமையில் 5 விழுக்காடு ஏறிவிட்டது என்று பொருள். 3 மில்லிமீட்டர் என்பது 15 விழுக்காடு. எவ்வளவு ஏற்றலாம் என்பதைப் படகின் கையேடே தீர்மானிக்க வேண்டும். 420 எனும் வகையைப் போன்ற இருவர் படகுகளிலோ பக்கக் கம்பி துளைத்தகட்டில் பொருத்தப்பட்டு, முன்பாயை ஏற்றும் கயிற்றின் இழுப்பினாலேயே இறுக்கம் பெறுவதால், அவற்றுக்குரிய அளவு வேறு. இரு பக்கமும் சமமாகத் திருப்பிய பின், திருகுமறை அதிர்வில் கழன்றுவிடாமல் காக்கும் ஸ்ப்ளிட் பின் செருகப்பட்டுள்ளதா என்று கையால் தொட்டுப் பார்த்தல் அவசியம். கரையில் பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்கு மேல் மின்கம்பி செல்கிறதா என்று பார்ப்பதும் அதே அளவு அவசியம். அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தைக் கடத்தும்.

பொருத்தும் முறையும் இறுக்க அளவும் விளக்கப்படாமல் விற்கப்பட்ட படகினால் ஒருவர் காயமுற்றால், அவர் வெறும் பரிதாபத்துக்குரியவர் அல்லர், உரிமை உடையவர். இந்தியாவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, சரியான பயன்பாட்டுக்குப் போதிய அறிவுறுத்தலோ எச்சரிக்கையோ தராத உற்பத்தியாளரைப் பொருள்சார் பொறுப்புக்கு, அதாவது குறையுள்ள பொருளால் நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு தரும் கடமைக்கு, உட்படுத்துகிறது. கட்டணம் பெற்றுப் பயிற்சியோ பழுதுபார்ப்போ வழங்குவோரின் கவனக்குறைவும் சேவைக் குறைபாடாகக் கருதப்படும். ஆனால் தீங்கு நேர்ந்த வேளையில் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்பனையாளர் மீது பொறுப்பு சுமத்த இயலாது என்றும் அதே சட்டம் கூறுவதால், கையேட்டை மீறிக் கம்பியை இறுக்குபவர் தம் வழக்கைத் தாமே பலவீனப்படுத்துகிறார். எனவே, இறுக்கிய நாள், அளவு, மாற்றிய உதிரிப்பாகத்தின் ரசீது ஆகியவற்றைக் குறித்து வைப்பதும், விபத்துக்குப் பின் அறுந்த கம்பியைத் தூக்கியெறியாமல் படமெடுத்துப் பாதுகாப்பதும் மிகப் பெரிய சான்றாகும். வணிகர் அல்லாத தனிநபரிடம் வாங்கிய பழைய படகுக்கு இச்சட்டத்தின் துணை பொதுவாகக் கிட்டாது. அங்கே வாங்குமுன் செய்யும் சோதனையே காப்பு.

படகேறுமுன் கம்பிகளைக் கடைசியாகச் சோதித்தது யார், எப்போது என்று கேட்கப் பயிலுநர் தயங்க வேண்டியதில்லை. பதில் சொல்ல இயலாத இடத்தில் படகேறாமல் திரும்புவதே நல்லது. தீங்கு நேர்ந்தவர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கறிஞர் இன்றித் தாமே முறையிடலாம், பொருளுக்கோ சேவைக்கோ செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மிகாதவரை அதற்குக் கட்டணமும் இல்லை.