மிளகாய் இலைப்புள்ளி: மருந்தை எடுக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஐப்பசி அடைமழை விட்டதும் நம் உர, மருந்துக் கடைகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். கொல்லையிலோ மாடியிலோ பத்து மிளகாய்ச் செடி வைத்திருப்பவர் நாலு இலையைக் கிள்ளிக்கொண்டு வந்து, "புள்ளி விழுந்திருக்கு, ஏதாவது மருந்து கொடுங்க" என்பார். கூட்ட நேரம், நாமும் கைக்கு எட்டிய பாக்கெட்டைக் கொடுத்துவிடுகிறோம். பத்து நாள் கழித்து செடி மொட்டையாகி நிற்கும். அவர் குறை சொல்வது மருந்தை அல்ல, நம் கடையை.

மிளகாயில் நாம் அதிகம் பார்ப்பது இரண்டு வகை. ஒன்று செர்க்கோஸ்போரா என்னும் பூஞ்சணம். புள்ளி வட்டமாக இருக்கும். நடுவில் சாம்பல் வெளுப்பு, சுற்றிலும் கரும்பழுப்பு விளிம்பு, தவளைக் கண் போல. முற்றியபின் நடுப்பகுதி உதிர்ந்து ஓட்டை விழுவதுண்டு. மற்றொன்று பாக்டீரியா. இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள்: நீர் ஊறினாற்போல் சிறு புள்ளிகள், பிறகு கருத்து, ஒழுங்கற்ற கோண வடிவாகும். காயிலும் சொறி போல் தடித்தால் ஐயமே வேண்டாம். (இலை சுருண்டிருந்தால் அது பேன் அல்லது சிலந்தி; அடியில் வெண்பொடி இருந்தால் சாம்பல் நோய். இவற்றுக்கு மருந்தே வேறு.)

பூஞ்சணத்துக்கு மேங்கோசெப் லிட்டருக்கு 2 கிராம் போதும். அதையே பாக்டீரியாவுக்குத் தனியாகக் கொடுத்தால் பணம்தான் வீண். அதற்குத் தாமிர மருந்து வேண்டும்: காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம், அல்லது 1 சத போர்டோ கலவை. மயில்துத்தம் 1 கிலோ, நீற்றாத சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர் என்பது அதன் கணக்கு. இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்துச் சேர்த்து, தீட்டிய இரும்புக் கத்தியை நனைத்துப் பார்க்கவேண்டும். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு இன்னும் வேண்டும். கலந்த அன்றே தெளித்துவிடவேண்டும்.

ஒன்றை மட்டும் வாடிக்கையாளரிடம் மறைக்காமல் சொல்லிவிடுவோம். புள்ளி விழுந்த இலை எந்த மருந்திலும் தேறாது. தெளிப்பது மற்ற இலைகளைக் காக்கத்தான். நோயுற்ற இலைகளைப் பொறுக்கி எரிப்பது, மாலையில் இலைமேல் தண்ணீர் ஊற்றாமல் வேரில் விடுவது, அடுத்த போகத்துக்கு அந்தச் செடியின் விதையை எடுக்காமலிருப்பது ஆகியவை காசில்லாத வைத்தியம். பாக்டீரியா விதை வழியாகவும் வரும் என்பதால் விதை விற்கும் நம்மவர்க்கும் இதில் பொறுப்புண்டு.

பாக்டீரியா என்றதும் ஸ்ட்ரெப்டோமைசின் பொட்டலத்தை எடுத்து நீட்டுவது பழைய பழக்கம். ஸ்ட்ரெப்டோமைசினையும் டெட்ராசைக்ளினையும் பயிருக்குப் பயன்படுத்துவதை 2024 ஜனவரி முதல் அடியோடு நிறுத்துவதாக மத்திய அரசு 2021 டிசம்பரில் வரைவு ஆணை வெளியிட்டது. அலமாரியில் பழைய சரக்கு கிடந்தால் விற்றுத் தீர்க்க நினைக்காமல் வேளாண் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வதே உசிதம். பெரிய பாக்கெட்டைப் பிரித்துச் சில்லறையாய் மடித்துக் கொடுப்பதும் சட்டப்படி தவறு. பத்து செடிக்காரருக்குச் சிறிய கம்பெனி பாக்கெட்டையே வாங்கி வையுங்கள்.

மண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இதை உரக்கடைக்காரர் சமாசாரம் என்று ஒதுக்கவேண்டாம். இலை கொட்டிய செடியில் காய் நேர் வெயிலில் வெந்து வெளுக்கிறது. அந்த வெள்ளை வத்தல்தான் பின்னர் உங்கள் மூட்டையில் வந்து விலையைக் குறைக்கிறது.