எந்த ஆற்றில் எந்த மீன்?

ஆறுகளில் மீன்குஞ்சுகளை இருப்புச் செய்வது நாட்டின் மீன்வளத்தைப் பெருக்கும் நற்பணி என்றே நாம் கருதி வருகின்றோம். பணி நற்பணியே. ஆயினும் எந்த ஆற்றில் எந்த மீனை விடுவது என்னும் தேர்வில் பிழை நேருமாயின், பெருக வேண்டிய வளமே அருகிப்போகும். காவிரியில் நிகழ்ந்தது இதற்குச் சான்றாகும்.

முதற்கண் நோக்கத்தக்கது நீரின் வெப்பம். நீர் வெப்பமடையுந்தோறும் அதில் கரைந்திருக்கும் உயிர்வளி குறைகின்றது. 10 பாகை செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீர் ஏறத்தாழ 11 மில்லிகிராம் உயிர்வளியைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராம் அளவே கொள்ளும். ஆதலின் நீலகிரியின் குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீன், சமவெளி ஆறுகளில் பிழைப்பதில்லை. கெண்டை, கெளுத்தி, விரால் ஆகியனவே இங்குத் தழைப்பவை. விரால் நீர்மட்டத்திற்கு வந்து காற்றையே சுவாசிக்க வல்லது. கோடையில் சுருங்கிய மடுவிலும் உயிர் தரிக்கும்.

அடுத்து நோக்கத்தக்கது இனப்பெருக்கம். 1952ஆம் ஆண்டு இந்தியாவுக்குக் கொணரப்பட்ட திலேப்பியா, முட்டைகளையும் குஞ்சுகளையும் வாயினுள் வைத்துக் காப்பது. ஆண்டிற் பலமுறை இனம் பெருக்குவது. மக்கள் 'ஜிலேபிக் கெண்டை' என வழங்கும் இம்மீன், இன்று தமிழக நீர்நிலைகள் பலவற்றிலும் பரவிவிட்டது. குளத்தை வற்றச் செய்து வேண்டாத மீனை அகற்றலாம்; ஆற்றில் விட்ட மீனை மீட்க இயலுமோ?

மூன்றாவது, அந்த ஆற்றுக்கே உரிய மீன் எது என அறிதல். காவிரிப் படுகையில் மட்டுமே வாழ்வது திமில் மகசீர் என்னும் பெருங்கெண்டை. ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரக் கூடியது. காவிரியின் மகசீர் வளத்தைக் காக்கும் நல்லெண்ணத்துடன், மராட்டிய மாநிலத்து லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட நீலத்துடுப்பு மகசீரின் குஞ்சுகள் இவ்வாற்றில் விடப்பட்டன. இரண்டும் மகசீரே, ஆயினும் இனம் வேறு. 1998 முதல் 2012 வரையிலான தூண்டில் மீன்பிடிப்புப் பதிவுகளை ஆய்ந்தபோது, வந்த மீன் பெருகியதும் சொந்த மீன் அருகியதும் புலப்பட்டன. அணைகளும், மணல் அள்ளுதலும், வெடிவைத்து மீன்பிடித்தலும் இவ்வழிவில் பங்கு கொண்டவையே. திமில் மகசீரின் அறிவியற்பெயர் டோர் ரேமாதேவி என உறுதிப்பட்டது 2018ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டே அது மிகவும் அழிவாபத்திலுள்ள உயிரினமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றது. இன்ன மீன் என நாம் தெளியுமுன்னரே அதன் இடத்தில் வேறொன்றைக் குடியேற்றிவிட்டோம்.

எனவே, மீன்குஞ்சுகளை ஆற்றில் விடுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காண வேண்டும்: இந்நீரின் வெப்பத்தை இம்மீன் தாங்குமா? கட்டுக்கு மீறிப் பெருகுமா? இவ்வாற்றிலேயே பிறந்த மீனின் வழித்தோன்றல்தானா? மூன்றாம் வினாவுக்கு விடை கிட்டாதவிடத்துக் குஞ்சுகளை விடாதிருத்தலே அறிவுடைமை. மணலையும் மடுக்களையும் காத்தால், ஆறு தன் மீனைத் தானே வளர்த்துக்கொள்ளும். இதனை உணர்ந்து செயற்படும் பொறுப்பு, நாளைய ஆய்வாளர்களாகவும் அலுவலர்களாகவும் மலரவிருக்கும் மாணவச் செல்வங்களைச் சார்ந்ததாகும்.