தலைசுற்றல் மாத்திரைக்கு இரண்டாவது வேலை

பிரான்சில் 1957 முதல் தலைசுற்றலுக்குக் கொடுத்துவரும் மாத்திரை ‘டங்கானில்’. உள்ளே இருப்பது அசிட்டைல்-லூசின். பருப்பிலும் பாலிலும் உள்ள லூசின் என்ற அமினோ அமிலத்தில் சின்ன மாற்றம், அவ்வளவுதான். இந்தப் பழைய மருந்தை ஜெர்மனியின் மியூனிக் நகர மருத்துவர்கள் சிறுமூளைத் தள்ளாட்டத்துக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

சிறுமூளை பழுதானால் கைகால் பலம் அப்படியே இருக்கும்; கட்டுப்பாடு போய்விடும். காலை அகட்டி வைத்து நடப்பார்கள். சட்டைப் பொத்தானைப் பிடிக்க விரல் அலையும், நாக்குக் குழறும். ‘குடித்திருக்கிறாரோ’ என்று தெருவே பார்க்கும். இதை அளக்க ‘சாரா’ என்றொரு மதிப்பெண் முறை உண்டு. ஒரு பாதத்தின் முன் மறு பாதத்தை ஒட்டிவைத்து நடக்கச் சொல்வார்கள். படுக்கவைத்து, ஒரு குதிகாலை மறுகால் முட்டியிலிருந்து கணுக்கால்வரை சறுக்கி இறக்கச் சொல்வார்கள். இப்படி 8 சோதனைகள். குறையே இல்லையென்றால் 0, படுமோசமென்றால் 40.

2013இல் வெளியான மியூனிக் ஆய்வில் 13 பேர். ஒரே வாரத்தில் சராசரி 16.1இலிருந்து 12.8க்கு இறங்கியது! ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மாத்திரை எதுவும் கொடுக்கப்படவில்லை. மருந்து சாப்பிடுகிறோம் என்ற தெம்பே கொஞ்சம் நேராக நடக்கவைக்கும்.

அடுத்து ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 108 பேருக்கு மருந்தையும் போலியையும் 6 வாரம் வீதம் மாற்றிக் கொடுத்தார்கள். எது எப்போது என்பது யாருக்கும் தெரியாது. 2021இல் முடிவு வந்தது: பலன் இல்லை.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த 108 பேரின் தள்ளாட்டத்துக்குக் காரணம் ஒன்றல்ல, பல. வேறோர் ஆய்வில் ஒரே நோயை, நீமன்-பிக் ‘சி’யை, எடுத்துக்கொண்டார்கள். செல்லுக்குள் கொழுப்பு தேங்கி, சிறுமூளை நரம்பணுக்களைக் கொல்லும் அரிய பரம்பரை நோய் அது. பழைய மாத்திரையில் மூலக்கூறின் இரு வடிவங்களும் கலந்திருந்தன. இம்முறை உடல் பயன்படுத்தும் ‘எல்’ வடிவம் மட்டும். 60 பேர், 12 வாரம். மருந்தில் 1.97 மதிப்பெண் குறைந்தது, போலியில் 0.60.

இது ஒரு வித்தியாசமா என்று கேட்கலாம். சாராவின் நடைச் சோதனையில் எப்போதாவது சுவரைப் பிடிப்பவருக்கு 4, கைத்தடியை விடவே முடியாதவருக்கு 5.

2024 செப்டம்பரில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இந்த மருந்துக்கு அனுமதி அளித்தது, நீமன்-பிக் ‘சி’க்கு மட்டும். தள்ளாட்டம் உள்ள மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இன்றும் பிசியோதெரபிதான் கைகொடுக்கிறது.