உஷார்! ‘பக்கத்து சர்வர்’ போலியாகவும் இருக்கலாம்

பிரவுசரில் பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் அங்கேயே நில்லுங்கள். தாண்டிப் போகாதீர்கள். தயவுசெய்து போகாதீர்கள்!

2018 ஏப்ரல் 24. மைஈதர்வாலட் என்ற கிரிப்டோ தளத்துக்குள் நுழைந்து பணத்தைப் பறிகொடுத்த பலரில் ஒருவரை நினைத்துப் பாருங்கள். முகவரியைச் சரியாகத்தான் அடித்தார். சான்றிதழ் சரியில்லை என்று பிரவுசர் எச்சரித்தது. அதை ஒதுக்கிவிட்டு உள்ளே போனார். வாலட் காலி! சுமார் இரண்டு மணி நேரத்தில் இப்படிப் போனது மொத்தம் 1,50,000 டாலர் அளவுக்கு.

அவர் எந்தத் தப்பு லிங்க்கையும் தொடவில்லை. பிறகு எப்படி?

ஒரே ஐபி முகவரியைப் பல ஊர்களின் டேட்டா சென்டர்கள் ஒரே நேரத்தில் ‘இது என்னிடம்’ என்று அறிவிக்கும். பக்கத்து சர்வர் பதில் தரட்டும் என்பதற்கான இந்த ஏற்பாட்டுக்கு எனிகாஸ்ட் என்று பெயர். கூகுளின் 8.8.8.8 இப்படித்தான் இயங்குகிறது. எந்த அறிவிப்பை ஏற்பது என்பதை, நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லும் பிஜிபி விதிப்படி ரவுட்டர்கள் முடிவு செய்யும். பிஜிபி கிலோமீட்டரை அளப்பதில்லை. நடுவில் எத்தனை நெட்வொர்க், யாருக்கு யாருடன் ஒப்பந்தம் என்றுதான் பார்க்கும். அறிவிப்பவர் உண்மையான உரிமையாளரா என்று அது தானாகக் கேட்பதே இல்லை!

தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தருவது டிஎன்எஸ். அன்று மைஈதர்வாலட் பயன்படுத்திய அமேசானின் டிஎன்எஸ் முகவரிகளை, ஒஹாயோவின் ஒரு நெட்வொர்க் வழியாக யாரோ தங்களுடையது என்று அறிவித்தார்கள். அதுவும் சிறுசிறு தொகுதிகளாக. சிறிய தொகுதிக்குத்தான் ரவுட்டர் முதலிடம் தரும். போலி டிஎன்எஸ், ரஷ்யாவில் இருந்த போலித் தளத்துக்கு வழிகாட்டியது.

இதைவிட பயங்கரம் 2022 பிப்ரவரியில். தென்கொரியாவின் கிளேஸ்வாப் என்ற கிரிப்டோ தளத்தின் மீதான தாக்குதலில், வழியைக் கடத்தியவர்கள் செல்லுபடியாகும் சான்றிதழையே வாங்கிவிட்டார்கள். பிரவுசர் எச்சரிக்கவே இல்லை. இழப்பு சுமார் 19 லட்சம் டாலர்.

ஆகவே பூட்டுச் சின்னத்தை மட்டும் நம்பாதீர்கள். தினமும் பார்க்கும் தளம் திடீரென்று ரகசியச் சாவியையோ கடவுச்சொல்லையோ மறுபடி கேட்கிறதா? கை வையாதீர்கள். வழக்கமாகச் சட்டென்று திறப்பது இழுத்துக்கொண்டே போகிறதா? தகவல் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் போட்டுப் பாருங்கள். சென்னையில் சர்வர் இருந்தும் சிங்கப்பூர் சுற்றி வருவது உண்டு, அதற்குப் பதற வேண்டாம். சம்பந்தமே இல்லாத நாடு தெரிந்தால் பணப் பரிமாற்றத்தை உடனே நிறுத்துங்கள்.

சொந்தமாகத் தளம் நடத்துபவரா? ‘எங்கள் முகவரிகளை யார் அறிவிக்கலாம் என்று உறுதிசெய்யும் ஆர்பிகேஐ பதிவு இருக்கிறதா? அதில் தொகுதி அளவு இறுக்கமாக இருக்கிறதா?’ என்று ஹோஸ்டிங்காரரிடம் இன்றே கேளுங்கள். மழுப்பினால் விடாதீர்கள். எழுத்தில் வாங்குங்கள்.