விலை ஏறும்போது நம் தட்டில் முதலில் குறைவது எது?

அரிசி விலை ஏறிவிட்டது என்பதற்காக யாரும் சோறு சாப்பிடுவதை நிறுத்துவதில்லை. பருப்பைக் குறைப்பார்கள். தினமும் வாங்கிய முட்டை வாரத்துக்கு இரண்டு நாளாகும். பாலில் தண்ணீர் கொஞ்சம் கூடும். விலைவாசி உயர்வு என்றதும் பணம் போதவில்லை என்றுதான் பேசுகிறோம். தட்டில் நடக்கும் மாற்றத்தைக் கவனிப்பதில்லை. வயிறு நிறைந்துகொண்டே இருப்பதால், உடம்புக்குத் தேவையானவை ஒவ்வொன்றாக விலகிப் போவது வெளியே தெரிவதில்லை.

யாருக்கு அதிகம் வலிக்கும்?

வருமானம் குறையக் குறைய அதில் உணவுக்குப் போகும் பங்கு கூடும் என்று 1857-ல் ஜெர்மனியைச் சேர்ந்த புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் ஏங்கல் எடுத்துக்காட்டினார். இன்றுவரை அது பொய்க்கவில்லை. இந்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமங்களில் மொத்தச் செலவில் சுமார் 46 சதவீதமும் நகரங்களில் சுமார் 39 சதவீதமும் உணவுக்கே போகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் வருமானத்தில் 7,500 ரூபாயைச் சாப்பாட்டுக்குச் செலவிடும் குடும்பம் ஒன்று. 60,000 ரூபாய் வருமானத்தில் 15,000 ரூபாய் செலவிடும் குடும்பம் இன்னொன்று. உணவு விலை 10 சதவீதம் ஏறினால் முதல் குடும்பத்துக்கு 750 ரூபாய் கூடுதல் செலவு. அது வருமானத்தில் 5 சதவீதம். இரண்டாவது குடும்பத்துக்கு 1,500 ரூபாய் கூடினாலும் அது 2.5 சதவீதம்தான். கடை ஒன்று, விலை ஒன்று. சுமை மட்டும் இரட்டிப்பு. வெளிநாட்டிலிருந்து மாதாமாதம் ஒரே தொகை வரும் வீடுகளிலும் இதே நெருக்கடிதான். வரும் தொகை மாறாது, அதைக் கொண்டு வாங்கும் பொருளின் அளவு மாறும்.

படிப்படியாக இறங்குதல்

விலை ஏறும்போது குடும்பங்கள் பொதுவாக மூன்று படிகளில் இறங்குகின்றன. முதலில் தரத்தைக் குறைக்கிறோம். பொன்னி அரிசி வாங்கியவர் அதைவிட மலிவான ரகத்துக்கு மாறுவார். கடலை எண்ணெய் வாங்கியவர் பாமாயிலுக்கு மாறுவார். அடுத்து பொருளையே மாற்றுகிறோம். ஆட்டுக்கறி இருந்த இடத்தில் கோழி வரும், அல்லது ஒரு கிலோ கறி அரைக் கிலோவாகி உருளைக்கிழங்கு கூடும். எலும்பும் பருப்பும் கத்தரிக்காயும் போட்டு ஒரு தாளிச்சாவில் ஒப்பேற்றிவிடுவோம். மூன்றாவது படியில், சில பொருள்களை வாங்குவதையே விட்டுவிடுகிறோம். பழமும் பாலும் பயறும் பெரும்பாலும் இந்தப் படியில்தான் காணாமல் போகின்றன.

எல்லாப் பொருளுக்கும் மாற்று கிடைப்பதில்லை. 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு பண்ணைப் பசுமைக் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்றது. அந்த மாதம் நாட்டின் உணவுப் பணவீக்கம் 11.51 சதவீதம். தக்காளிக்குப் பதிலாகக் கொஞ்சம் புளியைக் கூட்டி ஆணம் வைத்துச் சமாளித்துவிடலாம். வெங்காயத்துக்கு அப்படி ஒரு மாற்று இல்லை. அதனால்தான் வெங்காய விலை ஏறினால் கூச்சலும் கூடுகிறது.

இதன் கடுமையான வடிவத்தை இலங்கை மக்கள் 2022-ல் பார்த்தார்கள். அவ்வாண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். முந்தைய ஆண்டு 1,000 ரூபாய்க்கு வாங்கிய உணவுக்கு ஏறக்குறைய 1,950 ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. பால்மா வாங்க முடியாமல் எத்தனையோ வீடுகளில் பால் தேநீர் போய் வெறும் தேநீர் வந்தது. பெரியவர்களுக்கு அது பழக்கத்தில் ஒரு மாற்றம். குழந்தைகளுக்கு அது சத்தில் விழுந்த வெட்டு.

விலை ஏறினால் அதிகம் வாங்குவார்களா?

விலை ஏறினால் ஒரு பொருளைக் குறைவாக வாங்குவதுதான் வழக்கம். மிக ஏழைக் குடும்பங்களில் சில நேரம் இது தலைகீழாகிறது. சீனாவின் ஹுனான் மாகாணத்தில் ராபர்ட் ஜென்சன், நோலன் மில்லர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஏழைக் குடும்பங்களுக்கு அரிசி விலையில் மானியம் கொடுத்து ஆய்வு செய்தார்கள். 2008-ல் அதன் முடிவு வெளியானது. அரிசி மலிவானபோது அந்தக் குடும்பங்கள் அரிசியைக் குறைத்துக்கொண்டன. மானியம் நின்று விலை ஏறியபோது அதிக அரிசி வாங்கின.

காரணம் எளிது. அரிசி விலை ஏறியதும் கறிக்கும் மீனுக்கும் வைத்திருந்த காசு அரிசிக்குப் போய்விடுகிறது. கறி இல்லாத இடத்தை எதைக் கொண்டு நிரப்புவது? ஏறிய விலையிலும் வயிற்றை நிரப்ப அரிசிதான் மலிவு. ஆக, அரிசி அதிகம் விற்பதை மட்டும் வைத்து மக்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று முடிவு கட்ட முடியாது.

சின்னப் பொட்டலத்தின் கணக்கு

விலை ஏறாததுபோல் தோன்றும் ஏற்றமும் உண்டு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பொட்டலம் பல வருடமாக ஐந்து ரூபாய்தான். உள்ளே எடைதான் குறைகிறது. கையில் காசு குறைந்ததும் லிட்டர் எண்ணெய் வாங்கியவர்கள் சின்னச் சின்னப் பொட்டலங்களுக்கு மாறுகிறார்கள். அன்றைய செலவு குறைந்ததுபோல் இருக்கும். கிராம் கணக்கில் பார்த்தால் பெரும்பாலும் கூடுதல் விலையே கொடுத்திருப்போம். மொத்தமாக வாங்கப் பணம் இல்லாதவரே அதிக விலை கொடுக்கிறார் என்பதுதான் வேதனை.

வீட்டுக்குள் விட்டுக்கொடுப்பது யார்?

குழம்பில் நாலு துண்டு மீன் குறைந்தால் அது யாருடைய தட்டில் குறைகிறது? பல வீடுகளில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாக உட்காரும் தாயின் தட்டில்தான். தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதத்தினருக்கு இரத்தச்சோகை இருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இது 57.4 சதவீதம். விலைவாசி ஒன்றே இதற்குக் காரணமல்ல. ஆனால் ஏற்கெனவே இந்த நிலையில் இருப்பவர்களின் தட்டிலிருந்து பருப்பும் கீரையும் முட்டையும் போனால் என்ன ஆகும் என்பதை நாம் யோசிக்க வேண்டும்.

நாம் செய்யக் கூடியவை

செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயம் வரும்போது வரிசையை மாற்றிக்கொள்ளலாம். முதலில் கைவைக்க வேண்டியது குளிர்பானம், பொட்டலத் தின்பண்டம், வெளிச்சாப்பாடு ஆகியவற்றில்தான். பருப்பும் முட்டையும் கீரையும் கடைசிவரை நிற்கட்டும். தமிழக ரேஷன் கடைகளில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் தரப்படுகிறது. கௌரவம் பார்த்து அட்டையைச் சும்மா வைத்திருக்க வேண்டியதில்லை. வஞ்சிரம் கட்டுப்படியாகாத நாளில் மத்தியும் நெத்திலியும் இருக்கின்றன. சத்தில் அவை எதற்கும் குறைந்தவை அல்ல. பொட்டலத்தை எடுக்கும்போது எடையையும் சேர்த்துப் பாருங்கள். சமைத்ததைப் பங்கிடும்போது பெண்களின் பங்கை முதலிலேயே எடுத்து வையுங்கள்.

உதவி செய்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸதக்கத்துல் ஃபித்ர் உணவின் அளவைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. அதனால் விலை ஏறும்போது அதன் தொகையும் தானாக ஏறிவிடுகிறது. நாம் தரும் மற்ற உதவிகள் அப்படி அல்ல. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு விதவைக்கு மாதம் 1,000 ரூபாய் என்று முடிவு செய்த ஜமாஅத், இன்றும் அதே 1,000 ரூபாயைத் தந்தால் உண்மையில் உதவியைக் குறைத்துவிட்டது என்றுதான் பொருள். அந்தத் தொகையை வருடத்துக்கு ஒருமுறை விலையோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். ரமழானில் கொடுக்கும் பொருள் பைகளிலும் அரிசியே நிறைந்திருக்கிறது. ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கும் வீட்டுக்கு இன்னொரு மூட்டை அரிசியைவிட இரண்டு கிலோ பருப்பும் ஒரு தட்டு முட்டையும் ஒரு லிட்டர் எண்ணெயும் அதிகம் பயன்படும். அடுத்த பட்டியலை எழுதும் முன், அந்த வீட்டு அடுப்படியில் எது இல்லை என்று அங்குள்ள பெண்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதலாம்.