ஒரு மணி நேர வகுப்பும் கற்பித்தல் முறைத் தேர்வும்

பெங்களூரின் பிரேசர் டவுன், 1898இல் நகரைத் தாக்கிய கொள்ளைநோய்க்குப் பின், தண்டுப் (கண்டோன்மென்ட்) பகுதியின் நெரிசலைத் தணிக்கத் திட்டமிட்டு எழுப்பிய குடியிருப்பு. அரசு ஏடுகளில் இன்று அது புலிகேசி நகர். மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது. அப்பெயருக்குரிய ஸ்டூவர்ட் பிரேசர், மைசூரில் ஆங்கில அரசின் பேராளராக அமர்வதற்கு முன் ஆசிரியராக இருந்தவர். இளம் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்குக் கல்வி புகட்ட 1896இல் வந்தார். பின்னாளில் திவானாக உயர்ந்த மிர்சா இஸ்மாயில் உள்ளிட்ட ஒருசில தோழர்களே மன்னருடன் பயின்றனர். ஒவ்வொருவர் பிழையும் ஆசிரியர் கண்ணில் உடனே படக்கூடிய வகுப்பு அது.

அத்தகைய வகுப்பின் ஆற்றலை அளந்து சொன்னவர் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம். தனியாசிரியரிடம் பயின்ற சராசரி மாணவர், வழக்கமான வகுப்பில் பயின்றோருள் 98 விழுக்காட்டினரை விஞ்சினார் என்று 1984இல் எழுதினார். பின்வந்த ஆய்வுகள் அத்துணைப் பெரும் பயனைக் காணவில்லை. 2011இல் குர்ட் வான்லென் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, மனிதர் தரும் தனிப்பயிற்சியின் பயன் திட்டவிலக்க அளவில் 0.79 எனக் கண்டார். மாணவர் கணக்கிடும் ஒவ்வொரு படியையும் நோக்கித் திருத்தும் கணினி நிரலின் பயனோ 0.76. எண்கள் இத்துணை நெருங்கி நிற்பது கருதத்தக்கது. பிழை நேர்ந்த இடத்திலேயே மறுமொழி கிடைப்பதுதான் இரண்டிற்கும் பொதுவான கூறு. கற்பிப்பவர் மனிதரா பொறியா என்பதைவிட இக்கூறே பெரிது என்பது என் துணிபு.

நம் நாட்டுத் தொழில்நுட்பக் கல்வியோ நெடுங்காலம் வேறொரு குறையைத் தீர்ப்பதில் முனைந்திருந்தது. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம், கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை 2004 செப்டம்பர் 20இல் ஏவியது. அதன் முன்னோட்டத் திட்டத்தில் கருநாடகத்தின் விசுவேசுவரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பங்கேற்றது. 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தில் ஏழு ஐஐடிகளும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து பாடங்களைப் பதிந்து இணையத்தில் ஏற்றின. சுவயம் என்னும் அரசு இணையவழிக் கல்வித் தளத்தின் பாடங்களை ஒரு பருவத்தில் 40 விழுக்காடு வரை ஏற்கலாம் என 2021இன் பல்கலைக்கழக மானியக் குழு விதிகள் இடமளிக்கின்றன. நல்ல விரிவுரை கிட்டாத ஊர் என்ற குறை பெரிதும் நீங்கிற்று. ஆனால், பிரேசர் டவுனிலோ அதன் அண்டையிலோ உள்ள ஒரு கல்லூரியில் அறுபது பேர் முன் நிற்கும் விரிவுரையாளருக்குப் புதியதொரு வினா எழுந்தது. சிறந்த விரிவுரை மாணவர் கைப்பேசியிலேயே இருக்கும்போது, தம் ஒரு மணி நேரத்தில் தாம் செய்யத்தக்கது யாது?

இதற்கு விடை காணக் கருவிப் பட்டியலைப் புரட்டுவோர் மிகப் பலர். 1983இலேயே கல்வி ஆய்வாளர் ரிச்சர்டு கிளார்க் இதை மறுத்தார். ஊடகம் பாடத்தைச் சுமந்து வரும் ஊர்தி மட்டுமே. காய்கறி ஏற்றி வரும் வண்டியால் உண்பவர் உடல் வளர்வதில்லை என்பது அவர் வாதம். சற்றுக் கடுமையான கூற்றுதான். சில ஊர்திகளாலேயே செல்லக்கூடிய இடங்களும் உள. ஆயினும் எண்ணத் தொடங்குவதற்கு அது நல்ல இடம். இலண்டனின் டயானா லாரிலார்டு கற்றலை ஆறு வினைகளாகப் பகுத்தார்: கேட்டும் படித்தும் பெறுதல், தேடி ஆய்தல், பயிலுதல், உரையாடல், கூடி உழைத்தல், படைத்தல். விரிவுரையாளர் முதலில் கேட்கவேண்டியது, இன்றைய பாடத்தில் மாணவர் செய்யவேண்டிய வினை எது என்பதே. பொறியியல் ஆசிரியர்களுக்கென ஐஐடி பம்பாய் நடத்திய பயிற்சியும் இவ்வழியிலேயே அமைந்தது. பாட நோக்கம், மாணவர் செயல், மதிப்பீடு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பின்னரே கருவி வகுப்பினுள் நுழையும்.

ஓர் எடுத்துக்காட்டு. நியூட்டனின் மூன்றாம் விதி. சரக்குந்தும் மிதிவண்டியும் மோதினால் எதன்மேல் விசை மிகுதி என்று கேட்டால், விதியை ஒப்பித்த மாணவரே மிதிவண்டியின்மேல் என்பார். இங்கே தேவைப்படும் வினை உரையாடல். ஆர்வர்டின் எரிக் மசூர் வகுத்த முறையில் மாணவர் முதலில் தனித்தனியே விடை தெரிவிப்பர். சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டிற்குள் இருந்தால், அருகிலிருப்பவரோடு வாதிட்டு மீண்டும் விடை தருவர். விடை திரட்ட மின்பொறி வேண்டுமா? கனடாவில் நத்தானியேல் லாஸ்ரி மின்பொறியையும் எழுத்தட்டையையும் ஒப்பிட்டு 2008இல் எழுதினார். மின்பொறி பிடித்த வகுப்பும் எழுத்தட்டை உயர்த்திய வகுப்பும் கற்றதில் குறிக்கத்தக்க வேறுபாடு இல்லை. பொறி வாங்கும் பணம் இல்லாத கல்லூரிக்கு இது நற்செய்தி. அதே பாடத்தின் கணக்குப் பயிற்சிக்கோ கணினியே மேல். அறுபது பேரின் ஒவ்வொரு படியையும் ஒரே ஆசிரியர் திருத்துவது இயலாது.

இத்தகைய வகுப்பின் பயனுக்குச் சான்று வலுவானது. அறிவியல், கணிதம், பொறியியல் துறைகளின் 225 ஆய்வுகளை இசுகாட் ஃபிரீமன் குழுவினர் 2014இல் தொகுத்தனர். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் ஏறத்தாழ 34 விழுக்காட்டினர் தவறினர். மாணவர் செயற்பட்ட வகுப்புகளில் 22 விழுக்காட்டினர்.

எனினும் ஓர் இடர் உண்டு. 2019இல் ஆர்வர்டில் லூயி டெலோரியர் குழுவினர் நடத்திய ஆய்வில், செயற்பட்டுக் கற்றோர் தேர்வில் மேம்பட்டனர். ஆனால் குறைவாகவே கற்றதாக உணர்ந்தனர். தெளிந்த நீரோட்டமான விரிவுரை, புரிந்துவிட்டது என்னும் மயக்கத்தை எளிதில் தந்துவிடுகிறது. பருவ இறுதியில் மாணவர் தரும் கருத்துப்படிவத்தைக் கொண்டே ஆசிரியரை எடைபோடும் கல்லூரியில், முறையை மாற்றத் துணிந்தவர் தண்டனை பெறக்கூடும். ஆகவே புது முறையை மேற்கொள்பவர் அதன் காரணத்தை முதல் வாரத்திலேயே மாணவர்க்கு விளக்கிவிடுவது நன்று. துறைத்தலைவரும் அப்படிவத்தோடு விடைத்தாள்களையும் வைத்துப் பார்க்கவேண்டும். நல்ல வினாக்களை ஆக்கச் செலவாகும் மாலைப்பொழுதுகளைப் பணிச்சுமைக் கணக்கில் சேர்ப்பதும் அவர் கையிலேயே உள்ளது.